ஒரு கம்பி கழட்டின ஜன்னல்

அது ஹால் ஜன்னல் தம்பி, அத விட்டுடுங்க. டேப்ப உள்ள வைங்க, அளவெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல பின்னறை ஜன்னல். அது நாலு மணிக்குள்ள முடியணும். நாலு மணிக்கு எங்க அண்ணன் வர்றாரு.

சொல்றேன், உக்காருங்க. இல்ல, உக்கார வேண்டாம், நேரமில்ல. நின்னுட்டே கேளுங்க.

எங்க அண்ணன் கட்டட வேலை எடுத்துச் செய்யறவரு. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி வீட்டச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு வருவாரு. சுவரத் தட்டிப் பாப்பாரு, குழாயத் திருகிப் பாப்பாரு. அதுக்கப்புறம்தான் நல்லாருக்கியாம்மான்னு கேப்பாரு. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரர் முகம் பாக்கற கண்ணாடி மாட்டறேன்னு ஒரு ஆணி அடிச்சாரு. நேரா தண்ணிக் குழாய்ல. அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு, தலையோட நனைஞ்சுட்டாரு. அன்னையிலருந்து இவருக்கு ஆணி மாப்ளன்னு பேரு. பதினோரு வருஷமாச்சு, இன்னும் போன் பண்ணா, ஆணி மாப்ள வீட்ல இருக்காரான்னுதான் கேப்பாரு. இவரும் சிரிச்சுட்டே பேசுவாரு. போன வச்சதும் மூஞ்சி அப்படியே தொங்கிடும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன தடவ வந்தப்ப அண்ணன் சொன்னாரு, ஆறு ஜன்னலும் மாத்திடும்மா, மாப்ள கையில மட்டும் குடுத்துடாதன்னு. இவரு விடுவாரா. அடுத்த தடவ வாங்க மச்சான், ஆறையும் நானே சரி பண்ணி வைக்கறேன்னுட்டாரு.

அந்தக் கண்ணாடியில இருக்கறது விரிசல்தான், நல்லாப் பாருங்க. மேல ஒட்டியிருக்கறது பிளாஸ்திரி. காயத்துக்குப் போடறது. ரெண்டு நாள்ல கண்ணாடி கூடிடும்னு நெனச்சாரோ என்னவோ. அங்க கொக்கிக்குப் பதிலாக் கட்டியிருக்கறது என் பையனோட ஷூ கயிறு. அவன் ஒரு வாரமா செருப்புல பள்ளிக்கூடம் போறான். அத இழுக்காதீங்க, தெறக்காது. எதுவுமே தெறக்காது. சாத்தின ஜன்னலுக்கு மேல அப்படியே ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சுட்டாரு. அஞ்சு ஜன்னல் இப்ப சுவரோட சேந்தாச்சு. எங்களுக்குக் காத்து வேணும்னா வாசலுக்குப் போய் வாங்கிட்டு வர்றோம்.

ஆறாவதுதான் பின்னறை. அது தெறந்திருக்கு. கொஞ்சம் ஜாஸ்தியாவே தெறந்திருக்கு. பெயிண்ட் பிரஷ் உள்ள போக வாட்டமா இருக்கட்டும்னு நடுவுல ஒரு கம்பியக் கழட்டினாரு. கழட்டத் தெரிஞ்சுது. மாட்டத்தான் தெரியல.

சத்தமா? அது ரேடியோ. ஆமா, ரேடியோலதான் இருமறாங்க. நாடகம்.

எங்க விட்டேன்? ஆங், கம்பி. அதுக்குப் பக்கத்துக் கம்பிய அறுக்கறதுக்கு மெஷின் வச்சிருக்கீங்களா? தீப்பொறி பறக்குமா? அப்ப அது வேண்டாம். கையால அறுக்கற ஆக்ஸா பிளேடு இருக்கா? நேரமாகும், தெரியும். இருந்தாலும் அதுலயே அறுங்க. ரெண்டு பக்கமும் துணி சுத்தித் தர்றேன். எதுக்குன்னா, சும்மா, ஒரு பத்திரத்துக்குத்தான்.

அப்புறம் கம்பி வழுக்கும், சொல்லிட்டேன். ஒரு பாட்டில் எண்ணெய் ஊத்தியிருக்கேன். சோப்புத் தண்ணியும் ஊத்தியிருக்கேன்.

ஜன்னலுக்கு எதுக்கு சோப்பா?

சரி. எப்படியும் நீங்க போய்ப் பாக்கத்தான போறீங்க. காலையில நான்தான் வாயக் குடுத்தேன். இப்படி ஒரு கம்பி இல்லாம இருக்கே, திருடன் பூந்துடுவானேன்னேன். இந்தச் சந்துல ஒரு ஆளு நுழைய முடியாதுன்னாரு. முடியும்னேன். முடியாதுன்னாரு. முடியும்னேன். இரு காட்டறேன்னு வெளிப்பக்கமா சுத்திப் போனாரு. ஸ்டூல் போட்டாரு. கைய ரெண்டையும் உடம்போட ஒட்டி வச்சுட்டு தலைய விட்டாரு. தலை வந்துச்சு. தோளு வந்துச்சு. அப்புறம் வயிறு.

அவரு சொன்னது சரிதான் தம்பி. திருடன் வர முடியாது. பாதிதான் வர முடியும்.

பத்து மணியிலருந்து இப்படித்தான். தலை அறைக்குள்ள, கால் வெளிய. பயப்படாதீங்க, கால் ஸ்டூல் மேலதான் நிக்குது, மூச்சு நல்லா விடறாரு. பேச்சும் ஒண்ணும் குறையல. தலை உள்பக்கம் இருக்கறதால டீ குடுக்க வசதியாப் போச்சு. ரெண்டு டம்ளர் குடுத்தேன். அப்புறம்தான் உறைச்சுது, அதுவும் வயித்துக்குத்தான போகுதுன்னு. நிறுத்திட்டேன். வெளிய தெரியற பாதிமேல ஒரு போர்வையப் போத்தி விட்டிருக்கேன். பக்கத்து வீட்டு அக்கா என்னதுன்னு கேட்டாங்க. மெத்தை காயுதுன்னேன். மெத்தை ஏன் செருப்பு போட்டிருக்குன்னாங்க. நான் உள்ள வந்துட்டேன்.

எங்க அண்ணன் வந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்து விட்டுடுவாரு. வண்டியில எல்லா சாமானும் வச்சிருப்பாரு. அதான் எனக்குப் பயமே. அவரு எடுக்கறது ரெண்டு நிமிஷம், பேசறது இன்னும் பதினோரு வருஷம். நானும் இவரத் திட்டுவேன் தம்பி, தினமும் திட்டுவேன். அது வேற.

ஆறு ஜன்னலும் மாத்திடலாமான்னு அவர்கிட்டயே கேட்டுட்டேன். பத்து வருஷமாக் கேக்கறேன், ஒரு தடவ சரின்னதில்ல. இன்னைக்கு உடனே தலையாட்டிட்டாரு. அவரால இப்ப ஆட்ட முடிஞ்சது அது ஒண்ணுதான், பாவம். அதனால மத்த அஞ்சுக்கும் நாளைக்கு வந்து அளவு எடுத்துடுங்க, மனசு மாறிடப் போறாரு.

மணி ரெண்டரை ஆயிடுச்சு, வாங்க. இப்படி வலது பக்கம். உள்ள போனதும், ஜன்னல் சட்டம் எப்படி இருக்குன்னு கிட்டப் போய்ப் பாத்துட்டிருக்கேன்னு சொல்வாரு. ஆமா சார்னு சொல்லிடுங்க. எங்க அறுக்கணும், எப்படி அறுக்கணும்னு சொல்லியும் குடுப்பாரு. அதுக்கும் ஆமா சார்தான்.

இன்னொண்ணு தம்பி. சிரிச்சுடாதீங்க. நானே காலையிலருந்து அடக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் கெளம்பட்டும், நாங்க ரெண்டு பேருமா சிரிச்சுக்கறோம்.