லூசியப் பெயில் போடுங்க

இல்ல டீச்சர், நான் உக்காரல. கையெல்லாம் கிரீசு, உங்க நாற்காலி அழுக்காயிடும். நின்னுகினே சொல்றேன். நீங்க சிரிக்கிறீங்க. பேபி கிளாசுல போயி யாராவது பெயில் போடச் சொல்லுவாங்களான்னு கேக்கறீங்க. நான் சொல்றேன் இல்ல? பெத்த அப்பன் நானே வந்து சொல்றேன். எம் பொண்ண ஒண்ணாங்கிளாசுக்கு ஏத்தாதீங்க. இன்னும் ஒரு வருசம் உங்ககிட்டயே இருக்கட்டும்.

காத தொட்டுட்டாளா? தெரியும். முந்தாநாளு நானும் சன்னலாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன். வலது கைய தல மேல போட்டு இடது காத தொடணும், அதான உங்க சட்டம்? அவ தலைய சாய்ச்சிட்டா டீச்சர். நீங்க கவனிக்கல. நேரா நிக்க வெச்சி இன்னொரு தரம் பாருங்க. செல்லக்கண்ணு புள்ள தொடலன்னு நிறுத்தி வெச்சீங்களே, அவங்கம்மா எப்பிடி அழுதுகினு போச்சி. அவன ஏத்திட்டு அந்த எடத்த எம் பொண்ணுக்குக் குடுங்க. ஊர்ல அவனவன் தொட வைக்கறதுக்குப் புள்ள கைய புடிச்சி இழுக்கறான். நான் ஒரு வாரமா வூட்ல, உச்சந்தலையோட நிறுத்திக்கடி, எட்டலன்னு சொல்லுடின்னு சொல்லிக் குடுத்தேன். நல்லா தலையாட்டினா. இங்க வந்து நீங்க தொடு பாக்கலாம்னதும் எட்டிப் புடிச்சிட்டா. உங்க மேல அம்மாம் பிரியம் அவளுக்கு.

படிப்புன்னு பாத்தா ஒண்ணும் இல்ல டீச்சர். பதினொண்ணுக்கு அப்பறம் பதிமூணும்பா. கடையில எங்கூடதான் உக்காந்திருப்பா. பஞ்சர் டியூப தண்ணில அமுக்கினேன்னா, காத்து முட்ட எங்க வருதுன்னு எனக்கு முன்னாடி வெரல வெச்சிடுவா. வால்வு டியூபு தேஞ்சிருந்தா ஊதிப் பாத்தே சொல்லுவா. அது வேற. அது படிப்புல சேருமா, சொல்லுங்க.

ஆண்டு விழாவுல பாடினாளா. பாடினா, இல்லன்னு சொல்லல. நடுவுல நின்னுட்டா இல்ல? மறந்துட்டா, அதையே எழுதிக்குங்க. என்னாது? ஆமா. என்னத் தேடிதான் நின்னா. நான் வெறகு கொட்டா பக்கம் நின்னுகினு இருந்தேன், கையக் காட்டினேன், அப்பறம் பாடினா.

அய்யோ, கடையில எடுபிடிக்கு ஆளு வேணும்னு கேக்கல டீச்சர். சத்தியமா இல்ல. படிக்கட்டும். எம்மாம் வேணா படிக்கட்டும்.

சரி, சொல்லிடறேன்.

எம் பொஞ்சாதி மதலேனாள் போனப்ப இவ அப்பதான் பேச ஆரம்பிச்சிருந்தா. மதலேனாளோட அக்கா கிரேஸ் மேரி பிரான்சுல இருக்குது. அது புருசன் தனிஸ்லாசு, எனக்குச் சகல, அங்க பட்டாளத்துல இருக்காரு. புள்ள இல்ல அவங்களுக்கு. சாவுக்கு வந்தவங்க, கல்லறைக்குப் போயி மண்ணு போட்டுட்டு வந்த அன்னிக்கே கேட்டாங்க. ஒத்த ஆம்பள நீ, பொட்டப்புள்ளைய வெச்சிகினு இன்னா பண்ணுவ, நாங்க வளக்கறோம்னாங்க. எனக்குக் கஞ்சி வெக்கக்கூடத் தெரியாது அப்ப. சரின்னேன். ஆனா அன்னிக்கே தூக்கிக் குடுக்க மனசு வரல. பேபி கிளாசு முடிக்கட்டும், அப்பறம் இட்டுகினு போங்கன்னேன். சாமியார் எதிர்லதான் வாக்கு குடுத்தேன். அப்ப அது எங்கியோ தூரத்துல இருக்கற மாதிரி இருந்துச்சி.

இப்பக் கஞ்சி வெக்கத் தெரியும். சட பின்னத் தெரியும். கோணலா இருக்குன்னு நீங்க அவுத்துட்டு மறுபடியும் பின்னி உடறீங்க, அதுவும் தெரியும். காய்ச்சல் வந்தா எந்தப் பக்கம் படுக்க வெச்சா தூங்குவான்னு தெரியும்.

முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானன்றீங்க. எப்பிடி டீச்சர் சொல்லுவேன்? அவங்க கெட்டவங்களா இருந்தா சொல்லியிருப்பேன். கிரேஸ் மேரி தங்கச்சி புள்ளைய எதிர்பாத்து அங்க ரூமெல்லாம் ஒழுங்கு பண்ணி வெச்சிருக்குது. பேப்பருங்கள்ல கையெழுத்தும் போட்டுட்டேன். இந்தப் பொண்ணு இன்னும் முடிக்கல, ஒரு வருசம் போவணும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா எம் வாக்கும் போவாது, பொண்ணும் போவாது. ஒரு வருசந்தான். அடுத்த வருசம் வந்து கேக்க மாட்டேன்.

எழுத முடியாதா. பெரிய சிஸ்டர் ஒத்துக்க மாட்டாங்களா.

சரி டீச்சர். நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்.

அவங்க வந்துட்டாங்க. அரியாங்குப்பத்துல தங்கியிருக்காங்க. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் மெட்ராசுக்குக் காரு. நேத்து எங்க வூட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்தாங்க. லூசிக்கு நீலத்துல ஒரு கம்பளிக் கோட்டு, கழுத்து வரைக்கும் பித்தான். அங்க குளுருமாம். புள்ள இப்ப எம்மாம் வளந்திருக்கான்னு பாக்காமலே வாங்கினது, அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சி. எங்க போறோம்னு நான் இன்னும் அவகிட்ட சொல்லல. புதுச் சட்டன்னு நெனச்சிகினு இருக்கா. போட்டது போட்டதுதான், கழட்டவே மாட்டேன்றா. தோ பாருங்க, வெளியில சைக்கிளாண்ட, இந்தச் சித்திர வெயில்ல, அதப் போட்டுகினுதான் நிக்கிறா. வேர்த்து ஊத்துது.

கழட்டச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா.