மரக்குதிரைக் கடையை மூடுங்கள்

மரக்குதிரை அக்காவின் இணையக் கடையை இன்று காலையும் ஒரு திருடன்தான் நடத்திக்கொண்டிருக்கிறான். விற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் அவனிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு, அக்காவுக்கு மலர்வளையம் அனுப்பியிருக்கிறது அந்த விற்பனைத் தளத்தின் நிறுவனம்.

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்ல வாய் வருகிறது. மேடையில் இருக்கும் சங்கத்து மூத்தவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, பட்டறைத் தோழிகளே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் அக்கா, நம் சிறுவணிகர் சங்கத்தின் தலைவி. பதினாறு நாடுகளில் குழந்தைகள் அவர் செய்த குதிரையை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். பட்டறையில் பார்சல் கட்டுவது என் வேலை. சாயம் காய்ந்ததும் அக்கா ஒவ்வொரு குதிரையின் காதையும் நாக்கால் தொட்டுப் பார்ப்பார்.

"என்னக்கா, உப்புப் பாக்குறீங்களா?" என்று கிண்டல் செய்வோம்.

"சிரிங்கடி. குழந்தை மொதல்ல காதைத்தான் கடிக்கும்" என்பார்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கடையைத் திருடனுக்குத் திறந்துவிட்டது நான். பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, உள்ளே நுழைந்து உறுதிசெய்யுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பார்க்க அச்சு அசலாக நிறுவனத்தின் பக்கம். கடவுச்சொல்லைப் போட்டேன். அக்காவின் போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் போட்டேன். பத்தே நிமிடத்தில் கடையில் பதிவாகியிருந்த போன் எண் மாறிவிட்டது. என் தவறைச் சாகும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதும் இவ்வளவுதான்: "அழுதது போதும், புகாரை எழுது."

எழுதினோம். வந்த பதில் என்ன தெரியுமா? நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிசெய்ய, பதிவான எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். பதிவான எண் யாருடையது? திருடனுடையது! திருட்டுப்போனதை நிரூபிக்கத் திருடனிடமே போய் நிற்க வேண்டுமாம்!

காவல் நிலையத்தில், "ஆளு எந்த நாட்டுல இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கம்மா" என்றார்கள். வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, வழக்கை நிறுவனத்தின் நாட்டில்தான் போட முடியும் என்றார். அக்கா விசாவுக்கு மனுப் போட்டார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சண்டை' என்று எழுதப் போனவரைத் தடுத்து, 'வழக்குத் தொடர' என்று எழுதவைத்தேன். அப்படியும் மறுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில், அந்தக் கடையில் வாங்கிய போலிக் குதிரையைக் கடித்த ஒரு குழந்தைக்கு வாயெல்லாம் புண். பெற்றோர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் மட்டும் எந்த விசாவும் இல்லாமல் அக்காவின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"பேசாம பேரை மாத்தி வேற கடை தொறங்களேன்" என்றார் வக்கீல்.

"என் பேரை அவன் வச்சுக்குவான், நான் வேற பேரு தேடணுமா? குழந்தைங்க வாய்க்குள்ள விஷம் போகுது சார், என் பேருல போகுது."

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல, நாற்பத்தோராவது புகாரை எழுதினேன். நாற்பத்திரண்டாவதை எழுதப்போவதில்லை, இங்கேயே சொல்கிறேன். அக்காவின் பெயர் சுத்தமாகும்வரை இந்தச் சண்டையைச் சங்கம் விடாது. நானும் விடமாட்டேன்.

மேலாளர் அவர்களே, இந்த மேசையில் இருப்பது அந்தக் கடையிலிருந்து போன வாரம் நான் வரவழைத்த குதிரை. பெட்டியின் மேல் அக்காவின் படம் சிரிக்கிறது. நல்ல சரக்கு என்றுதானே விற்கவிடுகிறீர்கள்? வாருங்கள், இதன் காதை நாக்கால் தொட்டுக் காட்டுங்கள். முடியாதென்றால் போன் உங்கள் கையில்தான் இருக்கிறது, கடையை இப்போதே மூடச் சொல்லுங்கள்.

இரண்டில் ஒன்று. நாங்கள் காத்திருக்கிறோம்.

ஏன் சார் கதவைப் பார்க்கிறீர்கள்? அக்காவின் மகள் இந்தப் பக்கம் இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்லுங்கள் சார்.