ஆளைக் கழித்தால் மிஞ்சுவது

காலையில் எழுவான். பல் தேய்ப்பான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் சட்டையை மாட்டுவான். இரண்டு டம்ளர் எடுப்பான். ஒன்றைத் திரும்ப வைப்பான். குடித்ததைக் கழுவிக் கவிழ்ப்பான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். வாசலில் ஜீப் நிற்கும்.

மனைவி போன பிறகு அவனுடைய காலை இவ்வளவுதான்.

யார் என்று கேட்கிறீர்களா? நம் நெட்டையனின் பெரியப்பா மகன். அதோ, சுவரோரம் போர்வைக்குள் சுருண்டிருக்கிறானே, அவனையே கேளுங்கள். எங்காவது கூட்டிச் சொன்னால் திருத்தட்டும்.

விடியாத நேரம்… மலையைச் சுற்றி ஏறும் ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை. கீழே சரிவில் வரிசையாகக் குடியிருப்பு வீடுகள். ஓரிரண்டு விளக்குதான் எரியும். சாலை முடிகிற இடத்தில், மலைக்குள் குடைந்த ஒரு சுரங்கம். இரும்புக் கதவு. பக்கத்தில் ஓர் அறை. அவன் வேலை அங்கே.

மலை அசைகிறதா என்று பார்க்கிற வேலை. சிரிக்காதீர்கள். பூமியின் மேலோடு நாம் நினைப்பதுபோல் கல்லாகக் கிடப்பதில்லை. வளைகிறது, நெளிகிறது, விம்முகிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சுரங்கத்துக்குள் வாயிற்பக்கம் ஒரு பானை, நெடுந்தூரம் உள்ளே இன்னொரு பானை. இரண்டையும் இணைக்கும் நீளக் குழாய் நிறையத் தண்ணீர். தரை ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், ஒரு பானையில் நீர் ஏறும், மற்றதில் இறங்கும். அது வெளியே இருக்கும் அறையில், திரையில் ஒரு கோடாக ஓடும். நிலா மேலேறினால் கோடு ஏறும், சாய்ந்தால் இறங்கும். மலை தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல.

அவ்வளவு நுட்பமான கருவியில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் ஆள் நின்றால், அந்த எடைக்கே தரை சாயும். கோட்டில் ஒரு படி விழும். வெளியே வந்ததும் படி மறையும். யார் உள்ளே போனாலும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் படியின் அளவு மாறும். அதனால் ஒவ்வொருவருடைய படியையும் கணினியில் பதிந்து வைத்திருந்தார்கள். அன்றன்று யார் போனார்களோ அவர்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படியைக் கழித்துவிட்டு, சுத்தமான கோட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆள் கழித்தல் என்பார்கள். ஆளைக் கழித்தால் மிஞ்சுவது மலை.

அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். இரண்டு பானைக்கு இரண்டு பேர். அவன் உள் பானைக்குப் போவான். அவள் வாயிற்பக்கப் பானையருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, லென்ஸ் வழியாக நீர்மட்டம் பார்ப்பாள். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி மேலே வைத்துக்கொள்வாள். அதுகூடக் கோட்டில் தெரியும். படி விழுந்த கையோடு, ஒரு சின்ன முடிச்சு. வேறு யாருக்கும் அது கிடையாது.

வாய் ஓயாது அவளுக்கு. ஜீப் ஓட்டும் குண்டு அண்ணன் ஒருமுறை ஆசைக்கு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கோட்டில் கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம்.

"அண்ணே, நீங்க இனிமே வராதீங்க. மலை கீழ போயிடும். உங்க வீடுதான் அடியில இருக்கு."

"போம்மா… உன் புருஷன் மட்டும் என்ன, கல்யாணத்துக்கு முந்தி ஒட்டடக்குச்சி. இப்ப பாரு அவர் படியை."

"அது என் சமையல் அண்ணே. மலையே சாட்சி சொல்லுது."

அப்படிப்பட்டவள். ஒருநாள் காலை வேலை முடித்து வெளியே வந்தவள், சுரங்க வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தாள். முதல் நாளிலிருந்தே தலைவலி, நெற்றி நிறையத் தைலம். அவன் ஜீப்பை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்த்தபோது அவள் விழுந்து கிடந்தாள். மண்டைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனுடைய மாமியார் வந்தவர்களிடமெல்லாம் ஒன்று சொல்லி அழுதார். "கடைசியா ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்… 'அவரைப் பாத்துக்கங்க அம்மா'ன்னு." மாமியார் அங்கே இல்லவே இல்லை. இவன் மறுக்கவில்லை. யாராவது கேட்டால் தலையை ஆட்டினான். அவள் சொன்னது வேறு.

பிறகு இரண்டு பானையையும் அவன் ஒருவனே பார்த்தான். முக்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அது வந்தது.

விடியற்காலை அறைக்குள் போய்த் திரையைப் பார்க்கிறான். அவன் வருவதற்கு முன்பே கோட்டில் ஒரு படி. வாயிற்பக்கப் பானையருகே. சிறிய படி. கொஞ்ச நேரம் இருந்து, மறைந்திருக்கிறது. பெருச்சாளி என்று நினைத்தான். இரும்புக் கதவின் பூட்டு பூட்டியபடி. அடுத்த நாளும் படி. அதற்கடுத்த நாள் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

படி விழுந்த கையோடு… ஒரு சின்ன முடிச்சு.

அவன் கத்தவில்லை. ஓடவில்லை. நாற்காலியில் சாய்ந்து, வெகு நேரம் அதையே பார்த்தான். பிறகு பட்டியலைத் திறந்தான். அவள் பெயரை யாரும் இன்னும் நீக்கியிருக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தான். கழித்தான். சுத்தமான கோட்டை அனுப்பினான்.

தினமும் அதே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கருவி கெட்டுவிட்டது என்று ஆட்கள் வருவார்கள், பிரிப்பார்கள், முக்காலியைத் தூக்கி வெளியே போடுவார்கள். அவனுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு முடிச்சு. குண்டு அண்ணன் மட்டும் கேட்டார்.

"என்ன தம்பி, இப்பல்லாம் கொஞ்சம் வெரசா வரச் சொல்றீங்க?"

"வேலை இருக்கு அண்ணே."

மழை பிடித்துக்கொண்டது. படி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. பழைய அளவைக் கழித்தால் மிச்சம் நின்றது. அவன் என்ன செய்தான் தெரியுமா? பட்டியலில் அவள் அளவைக் கூட்டினான். எடை போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். படித்த பிள்ளை. கருவியின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தவன். செத்தவர்கள் நாளாக நாளாகக் கனப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டு, அளவைக் கூட்டிக்கூட்டிக் கழித்தான்.

ஒருநாள் காலை படி விழுந்தது. மறையவில்லை.

வெளிச்சம் வரத் தொடங்கியும் மறையவில்லை. கோடு அப்படியே கீழே கிடந்தது. மெல்ல மெல்ல இன்னும் இறங்கியது. அப்போதுதான் உறைத்தது அவனுக்கு. வாயிற்பக்கப் பானை பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறது. அவள் அங்கே உட்கார்ந்தாலும் கோடு அந்தப் பக்கம் சாயும். மலை சரியத் தொடங்கினாலும் அதே பக்கம்தான் சாயும். இதில் எது அவள், எது மலை?

கீழே வீடுகள். குண்டு அண்ணனின் பெண்கள் இரண்டு பேரும் அந்நேரம் தூக்கத்தில் இருப்பார்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். முதல் கதவு. இரண்டாவது கதவு. ஈரப் பாறையின் வாடை. சொட்டு விழும் சத்தம்… எங்கோ ஆழத்தில். அதைத் தாண்டி இன்னொரு வாடை. தைலம். அப்போதுதான் தேய்த்த தைலம்.

முக்காலி கிடந்த இடத்தில் கிடந்தது. வெளிச்சத்தை அதன்மேல் அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றான்.

"எழுந்திரு," என்றான்.

சொட்டு. சொட்டு.

"நீதான்னு தெரியும். இத்தனை நாள் உன்னை நான் யாருக்கும் காட்டிக் குடுக்கல. இன்னைக்கு மட்டும் எழுந்திரு. நீ எழுந்தா எவ்வளவு நீ, எவ்வளவு மலைன்னு தெரிஞ்சுடும். கீழ குண்டு அண்ணன் வீட்ல பிள்ளைங்க இருக்குது… எழுந்திரும்மா."

அந்த முக்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் தரையில் தட்டும்.

டக்.

திரும்பினான். நடந்தான். பின்னால் பார்க்கவில்லை. இரண்டாவது கதவைத் தாண்டினான். விசைக் கதவு அது, ஆள் தாண்டிய உடனே தொப்பென்று தானாகச் சாத்திக்கொள்ளும். அன்று சாத்தவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சாத்தியது.

முதல் கதவும் அப்படித்தான்.

அறைக்கு வந்து திரையைப் பார்த்தான். அவன் உள்ளே போன படி தெரிந்தது. அவன் வெளியே வந்ததும் கோடு மேலே ஏறியிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு படியளவு ஏறியிருந்தது. அவளுடைய பழைய அளவு, இம்மியும் கூடவில்லை. இரண்டு பேரும் வெளியேறியாகிவிட்டது. சுரங்கத்தில் இனி ஆள் இல்லை.

கோடு சமத்துக்கு வரவில்லை. பாதியில் நின்று, மறுபடியும் இறங்கத் தொடங்கியது.

அந்த மிச்சம் மலை. மழை தொடங்கிய நாளிலிருந்து, அவள் பேரில் எழுதிக் கழித்துவந்த மலை.

போனை எடுத்து மேலதிகாரியை எழுப்பினான்.

"சார், சரிவு நகருது. கீழ இருக்கிறவங்களை வெளியேத்தணும். இப்பவே."

"என்னப்பா சொல்ற? நேத்து வரைக்கும் கோடு சுத்தமா இருந்துச்சே?"

"நேத்து வரைக்கும் கழிச்சுக்கிட்டிருந்தேன் சார்."

"எதை?"

"ஆளை."

"எந்த ஆளை? நீ ஒருத்தன்தானே அங்க?"

போனை வைத்துவிட்டு ஓடினான். ஜீப்பில் முன்னிருக்கையில் ஏறிக் கதவை அறைந்தான். "வண்டியை எடுங்க அண்ணே. உங்க வீட்டுக்கு. ஆரனை விடாம அடிச்சுக்கிட்டே போங்க."

குண்டு அண்ணன் சாவியைத் திருகவில்லை. வண்டி மெல்ல ஒருமுறை அசைந்து, பின்பக்கம் அமுங்கியது. வருஷக்கணக்காக அந்த ஜீப்பை ஓட்டுகிற மனிதர். அதன் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அவருக்குத் தெரியும். கண்ணாடியைப் பார்த்தார். பின்னிருக்கையில் ஒருவரும் இல்லை. காற்றை முகர்ந்து பார்த்தார்.

"தம்பி… பின்னால யாரு ஏறுனது?"

"வண்டியை எடுங்க அண்ணே."

எடுத்தார்.

எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மிக்சியைத் தூக்கிக்கொண்டு, இவனைத் திட்டிக்கொண்டு. "பைத்தியம்ப்பா, பொண்டாட்டி செத்ததுலருந்தே இப்படித்தான்" என்று ஒருவர் அவன் காதுபடவே சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மலை இறங்கியது. முதலில் ஒரு முனகல்… பிறகு சத்தமே இல்லாததுபோல் ஒரு சத்தம். வீடுகள் போயின. சுரங்க வாசல் போயிற்று. பானை, குழாய், முக்காலி எல்லாம் உள்ளே. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

திட்டியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவன் கையை விடுவித்துக்கொண்டான். மழை முழுக்க அந்த மக்களை மலையடியில் தூங்கவிட்டவன் யார் என்பது அவனுக்குத்தானே தெரியும்.

பிறகு வேலையை விட்டான். மலையே இல்லாத, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையான ஊர் ஒன்றில், நெட்டையன் வீட்டு மாடியில் வந்து தங்கினான். அமைதியான ஆள். வாடகை வேண்டாம் என்றால் மட்டும் சித்தியிடம், அதாவது நெட்டையனின் அம்மாவிடம், சண்டை போட்டுக் கொடுத்துவிடுவான். சித்தி ஒன்றைக் கவனித்தார். வீட்டுக்குள் வந்ததும் அவன் கதவை உடனே சாத்துவதில்லை. பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பான்.

"யாராச்சும் வர்றாங்களாப்பா?"

"இல்ல சித்தி."

பிறகு சாத்துவான்.

ஒரு சாயங்காலம் நெட்டையன் மாடிக்குப் போனான். எதற்கோ, ஃபேன் ரிப்பேர் என்று நினைக்கிறேன். அவன் கட்டிலின் ஒரு ஓரத்தில் படுத்திருக்கிறான். காலியான மறு ஓரத்தில், சட்டத்தின் மேல் ஒரு ரசமட்டம். கொத்தனார் சுவருக்கு வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழலுக்குள் காற்றுக்குமிழ் ஓடுமே, அது. குமிழ் நடுவில் நின்றது. அவன் அசையவில்லை. நெட்டையன் வாசற்படியில் நின்றபடியே பார்த்தான்.

குமிழ் நகர்ந்தது. மெல்ல… யாரோ பார்த்துப் பதமாக உட்கார்ந்ததுபோல. நின்றது. பிறகு ஒரு சின்னத் துள்ளல். காலை மடக்கி மேலே வைத்ததுபோல.

அறை முழுக்கத் தைல வாடை.

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நெட்டையன் இப்போதே சொல்லட்டும். பாருங்கள், போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அன்றுதான் நெட்டையன் அவனிடம் கேட்டான். அண்ணி கடைசியாக என்ன சொன்னார்கள், உங்கள் மாமியார் சொல்வதுதானா என்று. அவன் முதல்முறையாக இல்லை என்று தலையாட்டினான். சுரங்க வாசலில், செருப்பின் வாரை மாட்டக் குனிந்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தினமும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னாளாம்.

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலயே வர்றேன்."