விழுத்துறவன் சம்பளம்

லண்டனில் கோலியர்ஸ் வுட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் கடைக் காவலாளி உடுப்பில் இருந்தார். மற்றவர் அவருக்குப் போனில் அமெரிக்கக் கால்பந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“பந்து எறியிறவனை ஓடிப்போய் விழுத்துறதுதான் இவன்ர வேலை, அண்ணை. அதுக்கு மில்லியன் கணக்கில குடுக்கினம்.”

“ஒவ்வொரு முறையும் விழுத்துவானோ?”

“இல்லை, எப்பவாவதுதான். ஆனா இவன் வாறான் எண்ட பயத்திலயே மற்றவன் பந்தைப் பிழையா எறிஞ்சிடுவான். அந்தப் பயத்துக்குத்தான் காசு.”

காவலாளி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குடுத்து வைச்சவன். நான் கள்ளனைத் தொட்டாலே வேலை போயிடும் எண்டு மனேஜர் சொல்லிப்போட்டார். நேற்று ஒருத்தன் ரெண்டு போத்தலோட என்னைத் தாண்டிப் போறான். ஓடக்கூட இல்லையடா. ‘குட் மோர்னிங்’ சொல்லிப்போட்டு நடந்து போறான்.”