வெண்பாவின் பற்கள்

— மேல் வரிசையில நாலு பல்லு சொத்தை, தாரணி அக்கா. பிரைமரி ஒன் படிக்கிற பிள்ளைக்கு இது ரொம்ப அதிகம்லா.

— மெதுவா சொல்லுங்க ஹம்னா டாக்டர்! வெளியில அவ கிளாஸ் பிள்ளைங்களோட அம்மால்லாம் உக்காந்திருக்காங்க.

— கதவு சாத்தித்தான் இருக்கு. மிட்டாய் நிறைய குடுப்பீங்களா?

— சத்தியமா இல்ல. மிட்டாய் எங்க வீட்டு வாசப்படி ஏறினதில்ல. ரெண்டு வேளையும் நானே தேச்சு விடுறேன்.

— எந்த பேஸ்ட்டுல?

— புளோரைடு இல்லாதது. தேக்கா மார்க்கெட்டுல கடை கடையா ஏறி எறங்கி வாங்குவேன். சிங்கப்பூர்க் குழாத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன், அதுலயும் கலக்குறாங்களாமே. எல்லாம் பாட்டில் தண்ணிதான்.

— அக்கா, பல்லு சொத்தையாகாம இருக்கத்தான் அத அளவாக் கலக்குறாங்க! அதப் போய் நிறுத்திட்டீங்களே. போதாததுக்கு இந்தப் புகைமூட்டம் வேற. பாருங்க, மூக்கடைச்சு வாயால மூச்சு விடுறா. வாய் காஞ்சா சொத்தை இன்னும் சீக்கிரம் பரவும்.

— அப்ப... நானே கெடுத்துட்டேனா?

— யாரு உங்கள இப்படி பயமுறுத்தினது? மொதல்ல மாஸ்க்கக் கழட்டிட்டுப் பேசுங்க. இங்க புகை வராது.

— வேணாம் டாக்டர். இருக்கட்டும்.

— அம்மா எப்பவும் மாஸ்க்தான் டாக்டர். ஹேஸ் புகை இல்லாட்டியும் போடுவாங்க.

— வெண்பா, நீ சும்மா இருடி.

— நான் தெனமும் பாக்குறதே பல்லுதான். என்கிட்ட என்னக்கா வெக்கம்?

— ...பாத்துக்குங்க. புளோரைடு அதிகமான தருமபுரி போர்வெல் தண்ணி குடிச்சு வளந்த பல்லு. காவிக்கறை, திட்டுத்திட்டா. பொண்ணு பாக்க வந்தப்ப, வாயத் தொறந்துடாதடின்னு சொல்லித்தான் உக்கார வெச்சாங்க. கல்யாண ஆல்பத்துல நான் சிரிச்ச படம் ஒண்ணு கெடையாது. இந்தக் கறை என் பிள்ளைக்கு வந்துடக் கூடாதுன்னுதான்... கேவலமா இருக்கு டாக்டர்.

— அங்க அளவு மீறிப் போச்சு, இங்க அளவோட இருக்கு. அவ்வளவுதான்கா. அழாதீங்க, இத சரி பண்ணிடலாம். வெண்பாக் குட்டி, வந்ததுலேர்ந்து பாக்குறேன், சிரிக்கிறப்பெல்லாம் ஏன் வாயப் பொத்திக்கிற? வலிக்குதா?

— வலிக்கல.

— சொத்தைய யாராவது பாத்துடுவாங்கன்னா?

— நோ லா! வீட்டுல அம்மா இப்படித்தான் சிரிப்பாங்க. அம்மா மாதிரி அழகா சிரிக்கணும்னு, கண்ணாடி முன்னால நின்னு பிராக்டிஸ் பண்ணேன்.