இரண்டாவது விசில்

அந்த வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் கொடுக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. பட்டாளத்து வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தினமும் ஆபீசுக்குப் போய்வர முடியுமா என்று, நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டீர்கள். பேச்சுக்குத்தான் கேட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் நல்ல கேள்வி. என் மனைவி ஞானபாக்கியம் மூன்று வருஷமாக அதையேதான் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால், நான் சொல்ல வந்ததும் வந்துவிடும்.

நான் நாசரேத்துக்காரன். இந்தத் துறைமுகத்தில் முப்பது வருஷமாகக் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கிறேன். கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர்களை முடித்து, கேட்டுக்கு வெளியே அனுப்பி வைப்பது என் வேலை. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது இதை எடுத்தேன். உயரத்துக்காகத்தான் எடுத்தேன். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சின்னக் காரில் போகிறவனுக்குச் சக்கரங்கள்தான் தெரியும். இதில் ஏறி உட்கார்ந்தால் லாரி டிரைவரின் முகம் நேருக்கு நேர் தெரியும். அவன் நம்மைப் பார்த்துத் தலையசைப்பான். அதுவரை எனக்கு யாரும் தலையசைத்தது கிடையாது.

குறைகளும் உண்டு. ஸ்டீயரிங் கல் மாதிரி இருக்கும். மார்க்கெட் பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது. உப்புக் காற்றுக்கு அடித்தகடு மாசத்துக்கு ஒரு இடத்தில் துருவேறும். ஞானபாக்கியம் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள். "ஏறதுக்கு ஏணி வச்சாத்தான் நான் இதுல கோயிலுக்கு வருவேன். இல்லன்னா யுத்தத்துக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க." இன்றுவரை அவள் ஆட்டோவில்தான் ஆராதனைக்குப் போகிறாள்.

பெரிய குறை முன்பக்கம். பானெட் என் நெஞ்சு உயரம். வண்டிக்கு முன்னால் எட்டு அடி தூரத்துக்குத் தரை தெரியாது. குனிந்திருப்பவர், உட்கார்ந்திருப்பவர் யாரும் தெரியமாட்டார்கள். இதை நீங்களே டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் சந்து குறுகலானது. முனையில் ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர், எதிரே காம்பவுண்டுச் சுவர். வண்டியை வாங்கிய மறுநாள் நான் முன்னும் பின்னும் எடுத்துத் திணறிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு வன்னியபெருமாள் அண்ணாச்சி இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வந்தார். அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். பஸ் கூரையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து, தெருவில் நடக்கும்போதும் லேசாகக் குனிந்தே நடப்பார். வண்டிக்கு முன்னால் என்னைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, விசில் ஊதி என்னைச் சந்துக்கு வெளியே எடுத்துவிட்டார்.

"பட்டாளத்தாரே, கணக்கு ஒண்ணுதான். ஒரு விசில்னா நிப்பாட்டணும். ரெண்டு விசில்னா எடுக்கணும். திருச்செந்தூர் முருகனே முன்னால வந்து நின்னு கையக் காட்டினாலும் ரெண்டாவது விசில் கேக்காம எடுக்கப்பிடாது."

அன்றிலிருந்து மூன்று வருஷம், தினமும் காலை எட்டரைக்கு அவர் வந்துவிடுவார். நான் கூப்பிட்டதில்லை. காப்பி குடிக்கக்கூட உள்ளே வரமாட்டார். போகும்போது தன் தோளில் கிடக்கும் துண்டால் என் பக்கக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார். ஒருநாள் கண்ணாடி துடைக்க இங்கேயே கிடக்கட்டும் என்று அந்தத் துண்டையே வண்டியில் போட்டுவிட்டார். சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. மூலையில் நீல நூலால் 'வ' என்று தைத்திருந்தது. டெப்போவில் துண்டுகள் மாறிப்போகாமல் இருக்க அவர் மனைவி சண்முகத்தாய் தைத்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஊரில் எந்த வண்டியும் நகரவில்லை. என் வண்டி நகர்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நாள் ஓட்டினேன். முப்பத்தேழு பேரை ஏற்றி வந்தேன். பாலும் ரொட்டியும் கொண்டுபோனேன். பக்கக் கம்பியில் தொங்கிக்கொண்டு வன்னியபெருமாள் அண்ணாச்சி விசில் ஊதுவார். மொட்டை மாடியில் நிற்கும் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அடுத்த அசனப் பண்டிகையில் சபையார் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், குருவானவர் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஜெபித்தார். நோவாவின் பேழையை ஒப்பிட்டுச் சொன்னார். அதன்பிறகு மழை பெரிதாக வரவில்லை. ஆனாலும் நான் தினமும் அந்த வண்டியில்தான் போனேன். சின்னக் காரில் போனால் நான் செல்வதுரை. அதில் போனால் வெள்ளத்தில் வந்த மனுஷன்.

அந்த முப்பத்தேழு பேரில் ஒருத்திதான் பிலோமி. தருவைகுளத்துக்காரி. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் தண்ணீரில் மாட்டிக்கொண்டவள். கருவாடு காயப்போட்டு விற்பாள். தருவைகுளத்தில் எனக்கு ஒரு கருவாட்டு ஏற்றுமதிக்காரர் உண்டு. பேப்பரில் கையெழுத்து வாங்க மாசத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். வண்டியின் சத்தம் அவளுக்குத் தூரத்திலேயே தெரியும். எங்கே நின்றாலும் ஓடி வந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு நீட்டுவாள். விலை சொல்லமாட்டாள்.

"எங்க அந்தோணியார் அன்னைக்கு டிரைவராட்டு வந்தாரு. அவருக்கு நான் கருவாட்டுக்கு வெல சொல்லுவனா அண்ணாச்சி?" என்று சிரிப்பாள்.

ஆடி மாசம் இரண்டாவது வாரம், பகல் பதினொரு மணி. கச்சான் காற்று அடித்தது. ஊருக்கு வெளியே தார்ச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி போன் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து எடுத்தேன். முன்சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. மீன்கூடை என்று நினைத்தேன்.

இறங்கிப் பார்த்தால் பிலோமி. என்னைப் பார்த்து வந்தவள்தான். காற்றில் பொட்டலம் விழுந்து, அதை எடுக்க வண்டிக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "அண்ணாச்சி" என்றாள். தண்ணீர் கேட்டாள். என் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி இருபது நிமிஷ தூரம். வண்டியில் இடமும் இருந்தது. நான் யோசித்தது இதுதான்: ஏற்றிக்கொண்டு போனால், இறக்கும்போது யார் இடித்தது என்று கேட்பார்கள். அந்த வண்டியிலிருந்து ஆட்களை இறக்குவதை இந்த ஊர் ஒருவிதமாகப் பார்த்துவைத்திருக்கிறது. அதை இன்னொரு விதமாகப் பார்க்கவேண்டிவரும். அவர்களுக்கும் அது கஷ்டம்.

சாலையில் யாரும் இல்லை. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. வண்டியிலிருந்து துண்டை எடுத்து முகத்தில் போட்டேன். ஒரு சின்ன ஜெபம் செய்தேன். பொட்டலம் அவள் கைப்பக்கத்தில் கிடந்தது. எனக்கென்று கட்டியது, அதை அப்படியே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. மறுநாள் ஞானபாக்கியம் அதைப் பொரித்தாள். உப்புக் கொஞ்சம் கூடுதல் என்றாள்.

ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் எழுதியிருப்பதாகப் பிறகு பேப்பரில் படித்தேன். அகலமான டயர் தடம் என்பதால் நீங்கள் லாரிகளைத் தேடினீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் முகத்தை மூடிவிட்டுப் போயிருக்கிறான் என்று தருவைகுளத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

துண்டில் 'வ' என்று தைத்திருப்பதும் பேப்பரில் வந்தது. 'வ' என்ற எழுத்து என்னிடம் வராது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதைத் தைத்தவளின் வீட்டிலும் அந்தப் பேப்பர்தான் வாங்குகிறார்கள்; அவள் பார்ப்பதில்லை, அண்ணாச்சிதான் வரிவிடாமல் படிப்பார்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி நாலு நாள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வந்தார், விசில் ஊதினார், கண்ணாடியைக் கையாலேயே துடைத்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்குள் வந்தார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் வந்தார். ஞானபாக்கியம் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"துண்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் பட்டாளத்தாரே" என்றார்.

நான் தெருக்கதவைச் சாத்தினேன்.

"மறைச்சு வைக்கிறவன் மூஞ்சிய மூடிட்டு வரமாட்டான். பதறிப்போயிட்டிய. பதறினவன் மறுபடியும் நல்லவனா ஆகலாம். அந்தப் பிள்ளையோட மக லாரி லாரியா போயி நின்னு பாத்துக்கிட்டு இருக்காம். நீங்களே போயி ஒரு வார்த்த சொல்லிருங்க."

"அவ்வளவு பேர் முன்னாலயும் நான் எப்படி அண்ணாச்சி தனியாப் போய் நிக்கிறது?" என்று கேட்டேன்.

"தனியா யாரு போவச் சொன்னா? நான் வாரேன். நாளைக்குக் காலையில எட்டரைக்கு. பஸ்ல ஒருத்தன் மயங்கி விழுந்தாலே எறங்கி ஆஸ்பத்திரிவரைக்கும் கூடப் போனவன்வே நான். உங்கள விட்டுருவனா?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போலீசிடம் சொல்லிவிடுவேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட ஏதாவது கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை எட்டரைக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்துச் சிரித்தார். வழக்கம்போலச் சந்து முனைவரைக்கும் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார். அங்கே தண்ணீர்க் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று குறுக்கே போனது. அவர் வண்டிக்கு நேர் முன்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்று, கையைத் தூக்கி விசில் ஊதினார். நான் நிறுத்தினேன்.

அதன்பிறகு நடந்ததாக உங்களிடம் நான் கொடுத்த வாக்குமூலம் இந்த பைலில் இருக்கிறது. இரண்டு விசில் கேட்டது. செருப்பு வாரைச் சரிசெய்ய அவர் குனிந்திருக்க வேண்டும். எனக்கு ஆள் தெரியவில்லை. நீங்கள் பானெட்டை அளந்தீர்கள், நான் சொன்னது பொருந்தியது. விபத்து என்று எழுதி என்னை ஜாமீனில் விட்டீர்கள், வண்டியையும் திருப்பிக் கொடுத்தீர்கள். சந்தில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளத்தில் காப்பாற்றியவனுக்கு இப்படி ஒரு சோதனையா என்றுதான் சொன்னார்கள்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். நேற்று சண்முகத்தாய் வீட்டுக்கு வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய சொதி. இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஞானபாக்கியம் அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. நீங்க இத நெனச்சு ஒடைஞ்சு போவாதிய" என்றாள். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். விசில். "இது உங்ககிட்ட இருக்கட்டும். உங்க வண்டிக்குத்தான அவிய கடைசியா ஊதினாவ."

வாசல்வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலையில சட்ட மாத்தும்போது, பட்டாளத்தார்கூட ஒரு நல்ல காரியத்துக்குப் போறேன், வந்து சொல்லுதேன்னாவ. அது என்ன காரியம் அண்ணாச்சி? தெரிஞ்சா மனசு ஆறும்."

கோயில் காரியம் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவரவில்லை. அவள் படியிறங்கிச் செருப்பை மாட்டினாள். பிறகு, "பொறவு சொல்லுங்க. சொதி ஆறிப்போவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு ஒரு பதில் வேண்டும். நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும், ஐயா. என்னால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். யோசித்துப் பார்த்தால் தினசரி ஓட்டத்துக்கு அது ஏற்ற வண்டி இல்லை. வெள்ளம் வருகிற ஒரு வாரத்துக்கான வண்டி. அந்த ஒரு வாரத்தை நான் வருஷமெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியைக் கைப்பற்ற ஆள் அனுப்புவீர்கள். டிரைவரிடம் ஒன்று சொல்லுங்கள். எட்டு அடிக்குத் தெரியாது என்பது தரைதான். நிற்கிற ஆளின் தோளும் தலையும் நன்றாகத் தெரியும். ஆறடி ஆள் என்றால் நெற்றியில் பூசிய திருநீறுகூடத் தெரியும்.

அவர் குனியவில்லை. ஒரு விசில்தான் ஊதினார். சந்து முழுக்க ஒன்றுதான் கேட்டிருக்கும். எனக்கும் ஒன்றுதான் கேட்டது. மூன்று சக்கர வண்டி தாண்டிப் போயிற்று. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டாவது விசிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு எடுத்தேன்.

அதை மட்டும் அவர் ஊதியிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே அன்றைக்கு இங்கே வந்திருப்போம்.