ரெண்டு இருபதுக்கு எழுதின சீட்டு

உட்காருடா ஆல்வின். மூணு மணிக்குத்தானே கூப்பிட்டிருக்காரு, இன்னும் இருபது நிமிஷம் கீது. பாத்தியா, கீதுன்னுட்டேன். பயம் வந்தா எங்க பெரும்பாக்கம் பாஷை வந்துடுது வாயில. ரெண்டு வருஷமா இருக்கு, இருக்குன்னு சொல்லிப் பழகினது.

இல்லடா, தீசிஸ் விஷயமா இருக்காது. தீசிஸுக்குன்னா சீஃப் தன்னோட ரூமுக்குத்தானே வரச் சொல்வாரு, செமினார் ஹாலுக்கு எதுக்கு? கமிட்டி கூடுது. சமவாய்ப்புக் கமிட்டி. நானும் அதுலதான் இருக்கேன், தெரியுமில்ல.

டீயைக் குடி, ஆறிடும். என்னத்துக்கு மூணாவது தடவை சர்க்கரை போடுறேன்னு பாக்குறியா? காலைல சாப்பிடல, அதான். சரி, அது இல்ல. சொல்றேன். கேன்டீன்ல யார் இருக்காங்கன்னு பாத்துக்கோ. சின்மயி இல்லியே?

லிஃப்ட் பக்கத்துல ஒரு பெட்டி மாட்டினாங்களே போன மாசம், நீலக் கலர்ல. பி.ஜி. டாக்டருங்க யாருக்காச்சும் பாகுபாடு நடந்தா எழுதிப் போடலாம், பேர் எழுத வேணாம்னு. நம்ம சீஃப் யக்ஞநாராயணன் சார்தான் ரிப்பன் வெட்டினாரு. பக்கத்துல பேனர். அதுல யார் போட்டோ? நான்தான், ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிட்டு சிரிக்கிறேன். பி.ஜி.ங்க சார்புல கமிட்டிக்கு யாருன்னு கேட்டப்ப சார் யோசிக்கவே இல்ல, சத்யபிரியாவைப் போடுங்கன்னாரு. ஏன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எங்கம்மா அந்தப் பேனரை போன்ல வச்சு எங்க பிளாக்ல எட்டாவது மாடி வரைக்கும் ஒவ்வொரு வீடா காட்டிட்டு வந்துச்சு.

அந்தப் பெட்டில ஒரு சீட்டு விழுந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு.

நான்தான்டா. சத்தம் போடாதே.

என்னத்த எழுதுவேன், உனக்குத் தெரியாததா? புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட்டைப் பாத்தாலே போதுமே. நான் சொந்தக் கையால செஞ்ச அப்பெண்டிக்ஸ் ரெண்டு வருஷத்துல மூணு. என்கூடவே சேர்ந்த சின்மயி முப்பத்தொண்ணு. அவமேல கோவம் இல்ல, நல்லாத்தான் செய்றா. முப்பத்தொண்ணு குடுத்தா நானும் நல்லா செய்வேன். சார் ஒரு நாளாச்சும் அதட்டினாரா? இல்ல. அதான் பேஜாரு. உனக்கு இன்னும் கை வரலம்மா, நீ வார்டைப் பாத்துக்கோம்பாரு. சிரிச்சிட்டே சொல்வாரு. நீ வந்து ஆறு மாசம் ஆச்சு, பிளட் பேங்குக்கு ஓடினதைத் தவிர என்ன கத்துக்கிட்டே? லிஸ்ட்ல பேருக்குப் பக்கத்துல யார் எந்தக் கோட்டான்னு எழுதி வைக்கிறதில்ல. எழுதவே வேணாம்.

அதைத்தான் எழுதினேன். உன் பேரு, என் பேரு, எதுவும் எழுதல. சில பேருக்கு மட்டும் தியேட்டர் கிடைக்கிறதில்ல, ரிஜிஸ்டரைப் பாருங்க, அவ்வளவுதான். கையெழுத்து தெரியக்கூடாதுன்னு இங்கிலீஷ்ல, கேபிடல் லெட்டர்ல எழுதினேன். நீ பிளட் பேங்குக்குக் கிளம்பினே பாரு, பதினொண்ணாந்தேதி, நான் பசிக்குதுடான்னேன், அப்பதான். நீ லெமன் சாதம் வாங்கிட்டு வர்றதுக்குள்ள எழுதி, மடிச்சு, கீழ போய்ப் போட்டுட்டும் வந்துட்டேன்.

அப்புறம் எப்படித் தெரியும்னு கேக்குறியா? சீட்டோட வலது மூலைல தேதியும் நேரமும் எழுதியிருக்கேன்டா. 14.20. எழுதினது எனக்கே தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் ஷீட் எழுதுறோம், பேனாவை வச்சதும் முதல்ல அதைத்தானே எழுதுறோம்? கை தானா எழுதிடுச்சு. அவர்தானே சொல்லிக் குடுத்தாரு, தேதி நேரம் போடாத நோட் நோட்டே இல்லன்னு.

இன்னைக்குக் காலைல பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்தாங்க. சார் சீட்டை மேசைமேல வச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு, கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. அப்புறம் தியேட்டர் ரிஜிஸ்டரை எடுத்துட்டு வரச் சொன்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்டா, நம்பு. எழுதினது நெசமான்னு பாக்கப் போறாருன்னு நினைச்சேன்.

பதினொண்ணாந்தேதிப் பக்கத்தைத் திறந்தாரு. ரெண்டு இருபதுக்கு தியேட்டருக்குள்ள இருந்தவங்க இதை எழுதியிருக்க முடியாது, உள்ள இல்லாதவங்கதான் எழுதியிருக்கணும்னாரு. ஒவ்வொரு பேர்மேலயும் விரலை வச்சு வச்சு எடுத்தாரு. யூனிட்ல நாம எட்டு பி.ஜி. ஆறு பேர் உள்ள இருந்தாங்க. மிச்சம் யாரு? மத்த ரெண்டு மெம்பருங்களும் ஜன்னல் வழியா பீர்க்கன்கரணை ஏரியைப் பாத்துனு இருந்தாங்க.

இல்லடா, கோவமே படல. தண்டிக்கிறதுக்கு இல்ல, எழுதினவங்களைக் கூப்பிட்டு உட்காரவச்சுப் பேசணும், அவங்க வலியைப் புரிஞ்சுக்கணும், அதுக்குத்தானே கமிட்டின்னாரு. நீ தனசிங் அண்ணாவைப் பாத்ததில்ல, நீ வர்றதுக்கு முன்னாடி நம்ம யூனிட்ல பி.ஜி.யா இருந்தாரு. அவரு லிஸ்ட்ல என் பேர் ஏன் சார் வரலன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. அவரையும் இப்படித்தான் உட்காரவச்சுப் பேசினாராம், காபியெல்லாம் குடுத்து. பரிட்சை மூணு தடவை எழுதினாரு. இப்ப கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு கிளினிக்ல காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கினு கீறாரு. செஞ்ச ஆபரேஷனை எழுதுற லாக்புக்ல கையெழுத்து சார்தான் போடணும், பிராக்டிகல்ல மார்க் போடுற இன்டர்னல் எக்ஸாமினரும் சார்தான். ஒரிஜினல் சர்டிபிகேட்லாம் ஆபீஸ் பீரோவுல. எங்க போவ?

எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான்டா. அம்மா கீழ்க்கட்டளைல நாலு வூட்ல வேலை செய்யுது. டாக்டரோட அம்மான்னு அங்க இப்பவே சேர் போட்டு உட்கார வைக்கிறாங்களாம், கூச்சமா கீதுன்னு சொல்லுது. அம்மாவாண்ட போயி நான் இன்னான்னு சொல்லுவேன்?

உனக்கு இன்னும் ரெண்டரை வருஷம் முன்னாடி கீது. அதுக்குள்ள சார் ரிடையர்டே ஆயிடுவாரு. இல்ல, சும்மா சொன்னேன். சும்மாதான்.

இன்னும் அஞ்சு நிமிஷம்தான். கேளு. உள்ள போனதும் உட்காரச் சொல்வாரு, உங்கப்பா சவுரிமுத்து எப்படி இருக்காருன்னு பேரைச் சொல்லிக் கேப்பாரு. எல்லார் அப்பா பேரும் அவருக்குத் தெரியும். நான் எழுதல சார்னு மட்டும் சொல்லு. அவ்ளோ போதும். அப்ப யாருன்னு கேட்டா... கேப்பாரு. நானும் எதிர்லதான் உட்கார்ந்துனு இருப்பேன். என்னைப் பாக்காதே.

உன்னையே ஏன் கூப்பிட்டாருன்னா... அவரே சொன்னாருடா. நீ எழுதியிருக்க மாட்டே சத்யபிரியா, கமிட்டி மெம்பர், மனசுல ஏதாச்சும் இருந்தா என்கிட்ட நேராவே சொல்லியிருப்பே, இல்லியான்னாரு. ஆமா சார்னேன். வேற இன்னா சொல்ல முடியும்? பிளட் பேங்க் பத்து நிமிஷ வேலை, ஆல்வின் அன்னைக்கு எத்தனை மணிக்குத் திரும்பினான்னு கேட்டாரு.

மூணுக்கு மேல ஆயிடுச்சு சார்னேன்.

பொய்யில்லியே? நீ மூணுக்கு மேலதானே வந்தே. எனக்கு லெமன் சாதம் வாங்கத்தான் லேட்டாச்சுன்னு மட்டும் சொல்லல. எழுந்துரு, மணி ஆச்சு. டீக்கு நான் குடுத்துடுறேன்.